பாட்டியின் டிரங்குப் பெட்டி வாசனை: வீட்டில் செய்யும் கிராம்பு சென்ட்

பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது கிராம்பு. புடவை மடிப்புகளுக்கிடையே துணி முடிச்சில் கட்டிப் போட்டிருப்பார். சற்று நேரம் கழித்துத்தான் அடியில் கிடக்கும் வெட்டிவேர் மணக்கும். அந்த மணத்தைக் குப்பியில் அடைக்க முயன்றபோது, முதல் தடவை எனக்குக் கிடைத்தது பல் மருத்துவமனை வாசனை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்ற வேதிப்பொருள். பல் அடைக்கும் மருந்திலும் அது உண்டு. நான் 10 துளி ஊற்றியிருந்தேன்!

வேண்டியவை: 10 மி.லி. ரோல்-ஆன் குப்பி (வாயில் உருளை உள்ளது), வாசனை எண்ணெய்களைக் கலக்க ஜோஜோபா எண்ணெய், சொட்டுக்குழல், பல்குச்சிகள். வாசனைக்கு வெட்டிவேர், சந்தனம், ஏலக்காய், மிளகு, கிராம்பு எண்ணெய்கள். சமையல் எசன்ஸ் இதற்கு உதவாது. ஜோஜோபாவுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்றால், அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதற்கென்று ஒரு மணமும் உண்டு. ஜோஜோபா எளிதில் சிக்கு வாடை பிடிக்காது.

முதலில் குச்சியில் சோதனை. எண்ணெய்க்கு ஒரு குச்சியாக நுனியை மட்டும் நனைத்து, ஐந்தையும் சேர்த்துப் பிடித்து மூக்கருகே விசிறிப் பாருங்கள். கிராம்புக் குச்சியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் மற்றவை எப்படி மேலெழுகின்றன என்பது தெரியும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தவர்கள்தான் விலை உயர்ந்த சந்தனத்தை வீணாக்குகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

அடுத்து, காலிக் குப்பியில் வெட்டிவேர் 4 துளி, சந்தனம் 4, ஏலக்காய் 3, மிளகு 1, கிராம்பு 1. வெட்டிவேர் எண்ணெய் பாகு போலக் கெட்டியானது. சொட்டு விழத் தாமதமானால் குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருங்கள். கிராம்பு ஒரே துளிதான். 10 மி.லி.யில் அது சுமார் அரை சதவீதம், அதற்கு மேல் போனால் தோல் எரியலாம். பட்டை எண்ணெயைத் தொடவே வேண்டாம். சமையலில் அது சாது, தோலில் முரடு. காரத்துக்கு மிளகு போதும்.

இனி ஜோஜோபாவைக் கழுத்துவரை நிரப்பி, உருளையைப் பொருத்தி மூடி, குப்பியைக் கைகளுக்கிடையே உருட்டுங்கள். துளிக் கணக்கையும் தேதியையும் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நினைவுக்கு வராது. இரண்டு வாரம் அலமாரி இருட்டில் இருக்கட்டும். அதற்குள் கிராம்பின் முனை மழுங்கிவிடும்.

பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம்.

பூசியதும் ஏலக்காய் முந்திக்கொண்டு வந்து, சீக்கிரமே கலைந்துவிடும். பிறகு கிராம்பு. மாலையில் சட்டையைக் கழற்றும்போது மிஞ்சியிருப்பது வெட்டிவேர்தான், எனக்கு ஊர் நினைவு வருவதும் அப்போதுதான். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்து செல்கிறது. மணமோ நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது.

இரண்டாவது குப்பியை அம்மாவின் மணிக்கட்டில் தடவினேன். கண்ணை மூடி முகர்ந்தார். “எல்லாம் சரி, பாச்சை உருண்டை எங்கே?” என்றார். அதை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நஞ்சு.