குறைந்த விலையில் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் பிஸ்டலுக்கே கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். வாங்கி முடித்த பிறகு மற்ற செலவுகள் வரிசையாக வந்து நிற்கும்: குறைந்தது இரண்டு கூடுதல் மேகசின் (தோட்டா நிரப்பும் கூடு), ட்ரிகரை முழுவதும் மறைக்கும் கெட்டியான ஹோல்ஸ்டர் (பிஸ்டல் உறை), பூட்டுள்ள பெட்டி, சுத்தம் செய்யும் கம்பியும் எண்ணெயும், காது மூடி, பாதுகாப்புக் கண்ணாடி. 9 மி.மீ. பிஸ்டல் ஒருமுறை வெடித்தால் எழும் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். 140-ஐத் தாண்டிய ஒரே வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம், அதனால் காது மூடியைத் தள்ளிப்போட வழியில்லை. இதற்கெல்லாம் மேல் தோட்டாச் செலவு. 500 ரவுண்டாவது சுட்ட பிறகுதான் புதிய பிஸ்டலைப் பற்றி நிச்சயமாக ஏதாவது சொல்ல முடியும். கையும் அப்போதுதான் பழக ஆரம்பிக்கும். மொத்தப் பணத்தில் பாதி பிஸ்டலுக்கு, பாதி மற்றவற்றுக்கு என்று முதலிலேயே பிரித்து வைத்துவிட்டுத் தேடுங்கள்.

உரிமம் கையில் வராமல் விலை விசாரிப்பதிலும் பயனில்லை. சில நாடுகளில் 9×19, அதாவது வழக்கமான 9 மி.மீ. தோட்டா, ராணுவக் காலிபர் (தோட்டா அளவு) என்பதால் பொதுமக்களுக்குத் தடை. சில இடங்களில் மேகசின் கொள்ளளவுக்கும் பேரல் (குழல்) நீளத்துக்கும் வரம்பு உண்டு. சீரியல் எண் தேய்க்கப்பட்ட, காகிதங்கள் இல்லாத பிஸ்டல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

சின்னத் தோட்டா என்றால் செலவும் குறைவு என்று நினைப்பது

.380 ஏசிபி தோட்டா 9×19-ஐவிடச் சிறியது, ஆனால் பெரும்பாலான இடங்களில் விலை கூடுதல். காரணம் உற்பத்தி அளவு. 9×19 உலகம் முழுக்க ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்துவது, கோடிக்கணக்கில் தயாராகிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு அதுதான் சரியான காலிபர். பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுள்ள சாதாரண முழு உறைத் தோட்டா (ஈயக் குண்டை உலோகம் மூடியது) போதும்.

.40 எஸ்&டபிள்யூ வேறு வகையான வலை. 1990-இல் வந்த இந்தக் காலிபரை அமெரிக்கக் காவல்துறைகள் பரவலாக ஏற்றன. 2010-களின் நடுவில் எஃப்பிஐ 9 மி.மீ.க்குத் திரும்பியதும் மற்ற துறைகளும் ஒவ்வொன்றாக மாறின. அவர்கள் கழித்த பிஸ்டல்கள் தரமானவை, விலையும் குறைவு. ஆனால் தோட்டா விலை அதிகம், உதைப்பு கூர்மையானது. முதலில் மிச்சப்படுத்திய பணம் தோட்டாவில் போய்விடும்.

பழைய ராணுவக் கையிருப்பில் வரும் சோவியத் பிஸ்டல்களான மகரோவும் டோக்கரேவும் உறுதியான ஆயுதங்கள்தான். மகரோவின் 9×18 குண்டு ஏறக்குறைய 9.27 மி.மீ. விட்டம், 9×19-இன் குண்டு 9 மி.மீ.க்குச் சற்றே மேல். இரண்டும் 9 மி.மீ. என்றுதான் அழைக்கப்படுகின்றன, ஒன்றின் தோட்டா மற்றதில் பொருந்தாது. டோக்கரேவின் அசல் டிடி-33 வடிவத்தில் கையால் இயக்கும் சேஃப்டி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பாகம்) வெடித்ததும் பேரலில் உப்பைப் படியவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் துரு பிடிக்கும்.

கைக்குள் அடங்குவதைத் தேர்ந்தெடுப்பது

மிகச் சிறிய பிஸ்டல் பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும். ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) குட்டையானால் ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும், இழுப்பதே சிரமமாகும். ஸ்லைடு நகரும் தூரமும் குறைவதால், மணிக்கட்டு சற்றுத் தளர்ந்தாலும் காலிக் கூடு சிக்கிக்கொள்ளும். முதல் பிஸ்டலுக்கு 4 அங்குல பேரல், 600 கிராமை ஒட்டிய எடை, மூன்று விரலும் முழுதாகப் பதியும் பிடி என்பது நல்ல அளவு.

மிக மலிவான வகைகளில் ஹை-பாயின்ட் போன்றவை நேரடி புளோபேக் முறையில் இயங்குபவை. பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாததால், அழுத்தம் இறங்கும்வரை ஸ்லைடின் எடைதான் தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான் துத்தநாகக் கலவையில் வார்த்த அந்தக் கனத்த ஸ்லைடு. மொத்த எடை 800 கிராமைத் தாண்டுகிறது. சுடத்தான் செய்யும், ஆனால் உலோகமும் தேய்மானமும் எஃகு ஸ்லைடுக்கு ஈடல்ல. அதே பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய எஃகு ஸ்லைடு பிஸ்டல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சந்தைக்கு வந்த புதிதிலேயே வாங்குவது

ரெமிங்டன் ஆர்51 பிஸ்டல் 2014-இல் வெளிவந்து அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. சிக் சாவர் பி320, கீழே விழுந்தால் சில கோணங்களில் வெடிக்கலாம் என்று தெரிந்ததும் 2017-இல் நிறுவனம் இலவச மேம்பாடு அறிவித்தது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை. சில ஆண்டுகள் ஓடிய மாடல் என்றால் குறைகள் வெளிவந்திருக்கும், உதிரிபாகமும் மேகசினும் மலிவாகியிருக்கும். க்ளாக் 17, 19 போன்றவற்றின் பலமே இதுதான். பழைய பிஸ்டல் என்றால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய பிஸ்டலை வெளிப் பளபளப்பை வைத்து எடைபோடுவது

ஹோல்ஸ்டரில் உரசித் தேய்ந்த வெளிப்பூச்சு ஒரு குறையே அல்ல. விலையைக் குறைக்க அதைக் காரணம் காட்டலாம். பார்க்க வேண்டியது உள்ளே.

மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். முனை எப்போதும் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். விற்பவரின் அனுமதியோடு பிரித்து, பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உள்ளே ஓரிடத்தில் கருப்பு வளையம் தெரிந்தால் பேரல் அங்கே புடைத்திருக்கிறது: குண்டு ஒன்று சிக்கியிருக்க, அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலிக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடைந்திருக்கிறதா, ஸ்லைடு ஓடும் ஃபிரேமின் (அடிச்சட்டம்) தண்டவாளங்களிலும், பாகங்களை இணைக்கும் ஆணித் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் உண்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

பிரித்ததை மறுபடி பொருத்தியதும், காலியாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, வெற்றாக ட்ரிகர் அழுத்தலாமா என்று கேளுங்கள். சாதாரணச் சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் அடிக்கும்) பிஸ்டல்களுக்கு அது கெடுதல் இல்லை; .22 ரிம்ஃபயரில் (விளிம்பில் அடிக்கும் வகை) வேண்டாம். ஸ்லைடை மறுபடி இழுத்து விட்டு, சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்துங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். சுத்தியல் அந்த நேரத்தில் விழுந்தால் அது ஆபத்தான ஆயுதம். அடுத்து முனையை 45 பாகை மேல்நோக்கி வைத்து, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து மெதுவாக விடுங்கள். முழுதாக மூடாமல் இடையில் நின்றால் ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் தள்ளுவது) சோர்ந்துவிட்டது. இதற்காக பிஸ்டலை ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் 3,000 முதல் 5,000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மலிவான பாகம் அது. எத்தனை சுட்டார்கள் என்று தெரியாத பிஸ்டலில் வாங்கியவுடனேயே மாற்றிவிடுங்கள்.

மேகசினில் மிச்சம் பிடிப்பது, கை வைத்துக் கெடுப்பது

பிஸ்டல் சிக்குவதற்கு மேகசின்தான் அடிக்கடி காரணம். தயாரிப்பாளரின் மேகசினையே வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். 200 சாதாரண ரவுண்டும், பாதுகாப்புக்கு வைக்கப்போகும் அதே தோட்டாவில் 50-உம் எல்லா மேகசின்களிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். சிக்கல் ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் அதன் உதடு (தோட்டாவைப் பிடிக்கும் மேல் விளிம்பு) வளைந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எல்லா எண்ணிலும் வந்தால் எக்ஸ்ட்ராக்டர், ரீகாயில் ஸ்பிரிங், தோட்டா, உங்கள் பிடி என்ற வரிசையில் தேடுங்கள்.

ட்ரிகர் கனமாக இருக்கிறதென்று மெல்லிய ஸ்பிரிங் மாற்றுவது மலிவான பிஸ்டல்களில் மிகப் பரவலான தவறு. ஸ்ட்ரைக்கர் (பிரைமரை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங் தளர்ந்தால் பிரைமரில் அடி ஆழமாக விழாது, தோட்டா வெடிக்காது. வெளியே தள்ளிய தோட்டாவின் பிரைமரில் ஊசி முனை அளவுக்கே பள்ளம் தெரிந்தால் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள்.