நாடக வகுப்பு ஆண்டு விழா ஒத்திகை அல்ல

நாடகத்தைச் செய்முறைப் பாடமாக நடத்தலாம் என்று ஒரு பள்ளி சரி சொன்னதும், அடுத்த வாரமே ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் கேட்பார்கள். ஆசிரியரும் ஸ்கிரிப்டைக் கொடுத்து, நன்றாகப் பேசுகிற நாலு பேருக்கு வேடம் பிரித்துவிட்டு, மீதிப் பேரை மரமாகவும் கூட்டமாகவும் நிறுத்திவிடுவார். மரமாக நின்ற பிள்ளை அந்த வருடம் கற்றுக்கொண்டது ஆடாமல் அசையாமல் நிற்பதை மட்டும்தான். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

ஜூனில் ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எட்டாம் வகுப்பில் “தேயிலைக் கொழுந்து பறிப்பதை நடித்துக் காட்டுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பூப் பறிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கிள்ளுவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அது பொறுக்காது. இரண்டு கையும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டு இலையும் மொட்டுமாக உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் போட வேண்டும். பையின் வாரைத் தலையில் மாட்டியிருந்தால் கழுத்து முன்னால் சாயும். பை கனத்த பிறகு சரிவில் எப்படி இறங்குவது? வகுப்பே எழுந்து அதை நடந்து பார்த்தால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. “நான் செய்கிற மாதிரியே செய்” என்று ஆசிரியர் நடுவில் புகுந்தால் கெட்டது.

அடுத்தது மொழி. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்கள், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள், 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எடுத்ததும் மேடைத் தமிழில் வசனம் கொடுத்தால் உடம்பு விறைத்துப்போய் வாய் மட்டும் ஓடும். காட்சியை முதலில் அவரவர் வீட்டுப் பேச்சில் செய்யட்டும். எல்லாருக்கும் புரிகிற மாதிரி வசனத்தை அப்புறம் சேர்ந்து கட்டிக்கொள்ளலாம்.

‘பழங்குடி நடனம்’ என்று இலை தழையைக் கட்டி ஆடவிடுவதை அடியோடு நிறுத்துங்கள். தோடர், கோத்தர், இருளர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். தோடர்களின் பூத்தையலுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நாம் இன்னும் சாக்குப் பையில் பாவாடை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

குரலுக்காகக் கத்த விடுவதும் வேண்டாம். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஜூலை மழை தகரக் கூரையில் இறங்கினால் யார் கத்தினாலும் கேட்காது, தொண்டைதான் கட்டும். அந்த நாட்களைப் பேச்சில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் சிலைக் காட்சி முறை இதற்குத் தோதானது: நாலைந்து பேர் தங்கள் உடம்புகளையே சிலையாக நிறுத்தி ஒரு பிரச்சினையைக் காட்ட, பார்க்கிறவர்கள் வந்து அந்தச் சிலையை மாற்றி அமைப்பார்கள். மரமாக நிற்க யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

மதிப்பெண்ணைக் கைதட்டலுக்குப் போடாதீர்கள். எதிரில் இருப்பவர் செய்வதைக் கவனித்துப் பதில் செய்கிறாரா, ஒரு காட்சியை வேறு மாதிரியும் செய்து பார்த்தாரா, எதை ஏன் மாற்றினோம் என்று குறிப்பேட்டில் நாலு வரி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒலி, விளக்கு, பொருட்களைக் கவனித்துக்கொண்டவருக்கும் இதே அளவுகோல்தான். “இதெல்லாம் ஒரு பாடமா?” என்று கேட்கும் தலைமையாசிரியரிடம், தேசிய நாடகப் பள்ளி 1989-லேயே கல்வியில் நாடகத்துக்கென்று தனிக்குழு தொடங்கியதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பள்ளி விட்ட பிறகு ஒத்திகை என்பது சமவெளிப் பழக்கம். இங்கே கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை யானை நடமாடும் வழியில் இருட்டில் நடக்க வேண்டிவரும். ஒற்றைப் பீரியடும் போதாது. பெஞ்சை ஒதுக்கவும் திரும்பப் போடவுமே பாதி நேரம் போய்விடும். கால அட்டவணை எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.