பிரேக் ஆயில் மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஒருமுறை நீண்ட மலை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிரேக் பிடித்தபடியே இறங்கியதில், ஒரு கட்டத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்து, கியரைக் குறைத்து, எப்படியோ ஓரங்கட்டினேன். அரைமணி நேரம் ஆறவிட்டபின் அதே பெடல் கல் போல இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

அன்று நடந்தது இதுதான். நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகை திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகும். பிரேக் திரவங்களை டாட் (DOT) என்ற தர எண்ணால் பிரிக்கிறார்கள். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். இறக்கத்தில் சூடேறிய காலிப்பருக்குள் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நம் கால் கொடுத்த அழுத்தமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. தினமும் கடைக்குப் போய்வரும் ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் பெடல் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. பல கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பாருங்கள்.

எந்தத் திரவம் வாங்குவது?

பானெட்டுக்குள் பிரேக் திரவம் நிற்கும் டப்பாவான ரிசர்வாயரின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்து மாற்றி வாங்கிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு பொருள். ஒரு லிட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குத் தாராளம். சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். போன வருடம் திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பா அலமாரியில் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும், அதை ஊற்ற வேண்டாம்.

இன்னும் வேண்டியவை: ஜாக்கி, ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை, நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் திரவத்தை வெளியே விடத் திறக்கும் திருகு) சரியான ரிங் ஸ்பேனர், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் தெளிவான ட்யூப், ஒரு பாட்டில், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, கையுறை, கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்றால், இந்தத் திரவம் பெயின்டை உரித்துவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் கறை பரவும்.

தொடங்கும் முன் ஒன்று. சில கார்களில், முக்கியமாக ஹைபிரிட் கார்களிலும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களிலும், காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மேனுவலில் அப்படி இருந்தால் வொர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கலாம்

சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒரு விரலைக்கூட நீட்டாதீர்கள்.

நான்கு நிப்பிள்களையும் முதலில் லேசாக இளக்கி, உடனே இறுக்கிவிடுங்கள். திறக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் இது. நிப்பிள் உள்ளே துளை உள்ள சின்னத் திருகு, முறுக்கினால் முறிந்துவிடும். துரு பிடித்து அசையாமல் இருந்தால் முதல் நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். ஸ்பிரே டிஸ்க்கிலும் பேடிலும் படக் கூடாது.

பிறகு ரிசர்வாயரைச் சுற்றித் துடைத்து மூடியைத் திறந்து, பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். அடிவரை காலி செய்ய வேண்டாம், அடியில் கொஞ்சம் நிற்கட்டும். மேல்கோடு வரை புதியதை ஊற்றி, மூடியைச் சும்மா மேலே வையுங்கள்.

சக்கர வரிசை காருக்குக் கார் மாறும். மேனுவலில் சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் பாகம்) தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகே வருவது வழக்கம். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள காரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும்.

இனி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். ட்யூபின் ஒரு முனை நிப்பிளில். மறுமுனை பாட்டிலில், கொஞ்சம் புதுத் திரவத்துக்குள் மூழ்கி இருக்க வேண்டும்.

இங்கே பேச்சுதான் முக்கியம். என் தம்பி பெடலில் உட்காருவான். நான் "மிதி" என்பேன். அவன் மெதுவாக மிதித்து, "மிதிச்சாச்சு" என்று பதில் சொல்வான். நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். ட்யூபில் கறுத்த திரவம் ஓடும், அவன் காலுக்குக் கீழே பெடல் இறங்கும். இறங்கினாலும் அவன் காலை எடுக்கக் கூடாது. அதற்கு "பிடி" என்பேன். நிப்பிளை மூடியபின்தான் "விடு". "விடாதே" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து கத்தும்போது பாதிதான் உள்ளே கேட்கும், "விடா" என்றதுமே கால் மேலே வந்துவிடும். நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எழுந்தால் காற்று உள்ளே போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மிதியும் பிடியும் ஒன்றாகக் கேட்டாலும் பாதகமில்லை, இரண்டுக்கும் கால் கீழேதான் இருக்கும்.

கார் பழையதென்றால் பெடலுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டை வைத்து, தரைவரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை உரசாத பகுதியில் அழுக்கும் துருவும் இருக்கலாம். சீல் அதில் உரசினால் கிழியும்.

ட்யூபில் தேன் நிறத்தில் தெளிவாக, குமிழியே இல்லாமல் வரும்வரை தொடருங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்துபோய் ரிசர்வாயரைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விடவே கூடாது. காற்று ஏபிஎஸ் யூனிட் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) வரை போய்விட்டால், சில கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. ஆர்வத்தில் இதை மறந்துவிடுவோம். அதனால் எண்ணிக்கையைத் தம்பியிடமே விட்டுவிடுகிறேன், ஐந்து ஆனதும் அவன் சத்தம் கொடுப்பான்.

நான்கும் முடிந்ததும் நிப்பிள்களை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கி, ரப்பர் தொப்பி மாட்டி, தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். திரவம் மேல்கோட்டில் நின்றதும் மூடியை இறுக்கி, கழற்றிய சக்கரங்களை மாட்டுங்கள்.

ஓட்டும் முன்

இன்ஜின் அணைத்த நிலையில் பெடலைப் பலமுறை மிதியுங்கள், கெட்டியாக வேண்டும். காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்கும். அது நம் கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம். பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. மெத்தென்று இருந்தால் காற்று மிச்சம் இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் கார் அசையக் கூடாது. எல்லாம் சரியென்றால் ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்திப் பார்த்து, திரும்பி வந்து நான்கு நிப்பிள்களையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே

இந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். பேட் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது. பிரேக் ஹோஸை லேசாக வளைத்து வெடிப்பு பாருங்கள். டயரின் உள்பக்கத் தேய்மானம் வெளியிலிருந்து தெரியாது, இப்போது தெரியும்.

ரிசர்வாயரில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே டாப்-அப் செய்யும் பழக்கத்தை விடுங்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும். ஆக, மட்டம் இறங்குவது ஒரு சேதி: ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கசிவு இருக்கிறது. ஊற்றிவிட்டால் அந்தச் சேதி மறைந்துபோகும்.

மாதம் ஒருமுறை இந்த மட்டத்தோடு இன்ஜின் ஆயில், கூலன்ட், டயர் காற்று மூன்றையும் பாருங்கள். ஆயிலை இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து, கூலன்ட் மூடியை ஆறியபின், காற்றை ஓட்டுவதற்கு முன். ஸ்டெப்னிக்கும் காற்று பிடியுங்கள்.

பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பழைய இன்ஜின் ஆயிலோடும் கலக்காதீர்கள். பாட்டிலில் மூடி, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவுத் திரவம் வாங்கிக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.