துப்பாக்கியின் மரக்கட்டைக்குக் கையால் சாயமும் எண்ணெயும் ஏற்றும் முறை

ஏற்காட்டின் மழையிலும் பனிமூட்டத்திலும் பல ஆண்டுகள் இருந்த துப்பாக்கியின், தோளில் பதியும் பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். வெளியே வார்னிஷ் மின்னினாலும் தகட்டுக்கு அடியில் மரம் கறுத்திருக்கக்கூடும். மர ரேகைக்குக் குறுக்கே அறுபட்ட, பூச்சு படாத வெட்டுமுகம்தான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும். என் அக்கறையெல்லாம் அந்த மறைவிடத்தின் மீதுதான்.

முதலில் துப்பாக்கியின் குண்டு அறையைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஏர் ரைபிள் என்றால் ஸ்பிரிங் இழுபட்டிருக்கக் கூடாது. கட்டையைப் பிரித்ததும் குழல் பகுதியைப் பூட்டி வைத்துவிடுங்கள்.

பழைய வார்னிஷைப் பெயின்ட் ரிமூவர் கொண்டு நீக்குங்கள். நசுங்கிய பள்ளங்களின் மேல் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சற்று அழுத்தினால் நார்கள் ஆவியில் உப்பி எழும். அறுபட்ட நார் எழாது. அந்தத் தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

உப்புத்தாளில் 120, 180, 240 என்ற எண் வரிசையில் ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். உலோகத்தோடு சேரும் விளிம்புகளை மட்டும் தொடாதீர்கள்; அவை மழுங்கினால் மீட்க வழியில்லை. பிறகு ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் நுண்ணிய நார்கள் சிலிர்த்து நிற்கும். 320-ஆம் எண் தாளால் அவற்றை மெல்லச் சீவிவிடுங்கள்.

நல்ல வால்நட் கட்டைக்குச் சாயமே வேண்டாம் என்பேன். வெளிறிய மரமானால் தண்ணீரில் கரையும் சாயத்தை நீர்த்த நிலையில் எடுத்து, உள்பக்கத்தில் தடவிச் சோதியுங்கள். வெட்டுமுகத்தை முன்கூட்டியே நனைத்துக்கொண்டால் அங்கே மட்டும் கறுக்காது. சாயம் முழுதாக உலரட்டும்.

இனி எண்ணெய். சேலத்துப் பெயின்ட் கடைகளில் டபுள் பாயில்டு லின்சீடு ஆயில் என்று கேளுங்கள். இந்த ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. அவற்றைத் தடவவே தடவாதீர்கள்.

முதல் பூச்சில் சரிபாதி டர்பன்டைன் கலந்து, குழல் பதியும் பள்ளம், திருகுத் துளைகள், பின்தகட்டின் அடி எல்லாம் குடிக்கும்வரை ஊட்டுங்கள். கால் மணி நேரம் கழித்து, மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சுகளுக்குச் சில சொட்டுகள் போதும். உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தை மறுபடியும் துடையுங்கள். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, உள்ளே பிசுபிசுத்துக் கிடக்கும்.

பூச்சுகளுக்கு இடையே ஒரு நாளாவது விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயில் காலத்தில் அது போதும். ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். விரலில் ஒட்டினால் காத்திருங்கள். முதல் வாரம் நாளுக்கொன்று, பிறகு ஒரு மாதம் வாரத்துக்கொன்று, ஓராண்டு மாதத்துக்கொன்று, அதன்பின் ஆண்டுக்கொன்று என்பது துப்பாக்கித் தொழிலாளர்களின் பழைய கணக்கு.

எண்ணெய் தோய்ந்த துணியை ஒருபோதும் சுருட்டிப் போடாதீர்கள். இறுகும்போது வெளிவரும் வெப்பத்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவிட்டபின் அப்புறப்படுத்துங்கள். பொருத்துவதற்கு முந்தைய கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரமாவது ஆறவிட்டு உலோகப் பகுதிகளைப் பொருத்துங்கள்.