குவாண்டம் கணினியைக் கற்கத் தொடங்குவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகருக்கு ஒரு வழிகாட்டி

குவாண்டம் கணினி என்றால் எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் இயந்திரம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கற்கத் தொடங்குபவர் முதலில் கைவிட வேண்டியது இந்த விளக்கத்தைத்தான். உள்ளே எத்தனை நிலைகள் கலந்திருந்தாலும், அளந்து பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடை. வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் அந்த விடையும் குருட்டாம்போக்கில் வருவதாகவே இருக்கும். அந்த ஏற்பாடு என்ன என்பதைப் புரிந்துகொள்வதே குவாண்டம் கணிப்பின் முதல் பாடம். டர்பனிலோ லெனேசியாவிலோ மெட்ரிக் முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவரையும், மென்பொருள் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இதைத் தெரிந்துகொள்ள விரும்புபவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முன்தயாரிப்பு அதிகம் வேண்டியதில்லை. பைத்தான் மொழியில் எளிய நிரல் எழுதத் தெரிந்தால் போதும். இயற்பியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணிதத்தில் மட்டும் ஒரு குறை இருக்கிறது: எண்களைக் கட்டம்போல அடுக்கிய அணிகள் (மேட்ரிக்ஸ்) நம் நாட்டு மெட்ரிக் கணிதப் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை, ஆனால் குவாண்டம் கணிப்பு முழுவதும் அணிகளின் மொழியிலேயே எழுதப்படுகிறது. இரண்டு கிடைவரிசை, இரண்டு நெடுவரிசை கொண்ட அணியை ஒரு திசையனோடு (வெக்டர்) பெருக்கக் கற்றுக்கொண்டால் தொடக்கத்துக்கு அதுவே தாராளம். சிக்கலெண்கள் (காம்ப்ளெக்ஸ் எண்கள்) சில வாரங்கள் காத்திருக்கலாம். பிறகு ஐபிஎம் நிறுவனம் இலவசமாக வழங்கும் கிஸ்கிட் என்ற தொகுப்பையும், அதனோடு இயங்கும், குவாண்டம் கணினிபோல நடித்துக்காட்டும் ஏர் என்ற பாவனைக் கருவியையும் மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவிய பின் இணையம் தேவையில்லை. மின்வெட்டு வந்தாலும் பேட்டரி தாங்கும் வரை பயிற்சி தடைப்படாது.

சாதாரண பிட் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். கியூபிட் என்னும் குவாண்டம் பிட்டுக்கு இரண்டு எண்கள் உண்டு. 0 என்ற விடைக்கு ஒன்று, 1 என்ற விடைக்கு மற்றொன்று. இவற்றை வீச்சுகள் என்பார்கள். வீச்சை வர்க்கப்படுத்தினால் அந்த விடை வருவதற்கான நிகழ்தகவு கிடைக்கும். நிகழ்தகவு ஒருபோதும் எதிர்மறையாக இருக்க முடியாது, ஆனால் வீச்சு எதிர்மறையாக இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிர்நாடி இதுதான். விமானப் பயணத்தில் அணியும் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன், வெளி ஒலிக்கு நேர் எதிரான ஒலியை எழுப்பி இரண்டையும் அடித்துக்கொள்ளச் செய்வதுபோல, எதிரெதிர்க் குறி கொண்ட வீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தவறான விடைகளின் வீச்சுகள் அழியும்படியும் சரியான விடையின் வீச்சு ஓங்கும்படியும் கணக்கை அமைப்பதே குவாண்டம் வழிமுறை எழுதுவோரின் வேலை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரே ஒரு கியூபிட் போதும். அது 0 நிலையில் தொடங்கட்டும். அதன்மேல் ஹடமார்டு என்ற வாயிலை, அதாவது வீச்சுகளை மாற்றும் ஒரு செயலை, ஒரு முறை இட்டால் இரு வீச்சுகளும் 1/√2 ஆகும். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்நூறு முறை 0, ஐந்நூறு முறை 1 வரும். இதுவரை வியப்பு ஒன்றுமில்லை. இப்போது அதே வாயிலை இரண்டாம் முறையும் இடுங்கள். குலுக்கியதை மீண்டும் குலுக்கினால் குழப்பம் நீடிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆயிரம் முறையும் 0 மட்டுமே வரும். காரணத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்: 0 என்ற விடைக்கு இரண்டு வழிகளில் வரும் வீச்சுகள் ½, ½ என்று கூடி 1 ஆகின்றன, 1 என்ற விடைக்கு வருபவை ½, −½ என்று ஒன்றையொன்று அழிக்கின்றன. அடுத்து, இரண்டு ஹடமார்டுகளுக்கும் நடுவில் ஓர் அளவீட்டைச் செருகுங்கள். விடை மறுபடியும் பாதிக்குப் பாதியாகிவிடும், ஏனெனில் நடுவில் அளந்ததால் வழிகளில் ஒன்று மட்டுமே மிஞ்சியது. அடித்துக்கொள்ள எதிர்வழி இல்லை. அளவீட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் 1 நிலையின் குறியை மட்டும் மாற்றும் இசட் வாயிலை வைத்தால், ஆயிரம் முறையும் 1 வரும். இந்த நான்கு சோதனைகளின் விடைகளையும் ஓட்டுவதற்கு முன்பே தாளில் கணித்துச் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்பது என் கண்டிப்பான அறிவுரை.

அடுத்த படி இரண்டு கியூபிட்டுகள். முதலாவதின் மேல் ஹடமார்டு, பிறகு முதலாவது 1 ஆக இருந்தால் இரண்டாவதைத் திருப்பும் கட்டுப்பாட்டு வாயில். இப்போது 00, 11 என்ற விடைகள் மட்டுமே வரும்; 01, 10 வரவே வரா. இதுவே குவாண்டம் பின்னல் (என்டாங்கிள்மென்ட்). கிஸ்கிட்டில் முதல் கியூபிட்டின் விடை வலது ஓரத்தில் அச்சாகும் என்பதை நினைவில் வையுங்கள். இது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர்.

பாவனைக் கருவி இருக்கும்போது உண்மையான இயந்திரம் எதற்கு என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். ஒவ்வொரு கியூபிட்டைச் சேர்க்கும்போதும் வீச்சுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. 30 கியூபிட்டுகளுக்கு 107 கோடிக்கும் அதிகமான வீச்சுகள். ஒன்றுக்கு 16 பைட் என்றால் அவற்றைச் சேமிக்கவே ஏறத்தாழ 17 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 50 கியூபிட்டுகளை எட்டினால் எந்த மடிக்கணினியும் தாங்காது. ஐபிஎம் 2016 முதல் தன் குவாண்டம் இயந்திரத்தை இணையம் வழியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் இரு கியூபிட் நிரலை அங்கே அனுப்பிப் பாருங்கள். வரக்கூடாத 01, 10 விடைகளும் சில தலைகாட்டும். இயந்திரப் பிழை அது. மின்தடை இல்லாத மீக்கடத்திகளால் ஆன இயந்திரங்களை, இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையான தனிச்சுழிக்கு வெகு அருகில் குளிர்வித்து வைத்தும் பிழை முற்றிலும் ஒழிவதில்லை. பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒரு நம்பகமான கியூபிட்டை உருவாக்கும் பிழைதிருத்தமே இன்றைய பெரும் போராட்டம். அமைப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறைவதை 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 கியூபிட் வில்லோ சில்லில் காட்டியது.

இதனால் உலகில் என்ன மாறும்? வங்கிப் பாதுகாப்பே முதலில் பேசப்படுகிறது. பெரிய எண்களைப் பகா எண்களாக விரைவில் பிரிக்கும் வழிமுறையைப் பீட்டர் ஷோர் 1994 இல் கண்டறிந்தார். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் நிற்பதே அப்படிப் பிரிப்பது கடினம் என்ற நம்பிக்கையில்தான். 2048 பிட் நீளச் சாவி கொண்ட ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று 2019 இல் வெளிவந்த மதிப்பீடு, 2025 இல் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அத்தகைய இயந்திரம் இன்று எங்கும் இல்லை. ஆனால் இன்றே தரவைத் திருடிச் சேர்த்துவைத்து, இயந்திரம் வந்தபின் உடைக்கலாம் என்பதால் மருத்துவப் பதிவுகள் போன்ற நீண்டகால இரகசியங்களுக்கு ஆபத்து இப்போதே தொடங்கிவிட்டது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியையும் தாங்கி நிற்பதற்கான மூன்று புதிய மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. உங்கள் அலுவலகத்தில் எந்தெந்த மென்பொருள் ஆர்எஸ்ஏவை நம்பியிருக்கிறது என்று பட்டியலிடுவதே தகவல் தொழில்நுட்பத் துறையினர் உடனடியாகச் செய்யக்கூடிய வேலை.

2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது டர்பன் மோசஸ் மபிடா அரங்கத்தில் குவாண்டம் மறையாக்க இணைப்பு பயன்பட்டதை நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமை நியாயமானதே, ஆனால் அது ஒளித்துகள்கள் வழியே மறையாக்கச் சாவி பரிமாறும் நுட்பம், கணிப்பு இயந்திரம் அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வங்கிச் செய்தியைவிட வேதியியலே முக்கியமாகப் படுகிறது. மூலக்கூறுகளின் எலெக்ட்ரான்கள் குவாண்டம் விதிகளின்படி நடப்பவை என்பதால், அவற்றைக் கணக்கிடக் குவாண்டம் இயந்திரமே பொருத்தம் என்பது ரிச்சர்டு ஃபைன்மன் 1980களின் தொடக்கத்திலேயே சொன்ன கருத்து. புதிய வினையூக்கிகளை ஆய்வகத்தில் தேடி அலைவதற்குப் பதிலாகக் கணக்கிட்டே கண்டறிய முடிந்தால், உரம் தயாரிப்பு முதல் வாகனப் புகை சுத்திகரிப்பு வரை செலவு குறையலாம். வினையூக்கியாகப் பயன்படும் பிளாட்டினத்தில் உலகின் பெரும்பங்கை வெட்டியெடுக்கும் நம் நாட்டுக்கு இது இருமுனைக் கத்தி: பிளாட்டினத்துக்குப் புதிய பயன்கள் பிறக்கலாம், அல்லது மலிவான மாற்று கிடைத்து ரஸ்டன்பர்க் சுரங்கத் தொழிலாளியின் பிழைப்பில் கைவைக்கலாம். எது முதலில் வரும் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

முறையாகப் படிக்க விரும்புவோர் வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. குவாண்டம் இயந்திரக் கற்றலில் இன்று அறியப்பட்ட மரியா ஷூல்டு முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். விட்ஸ் பல்கலைக்கழகம் 2019 இல் ஐபிஎம் குவாண்டம் வலையமைப்பில் இணைந்த முதல் ஆப்பிரிக்கப் பங்காளியாயிற்று. ஸ்டெல்லன்பாஷிலும் ஆய்வுக்குழு உண்டு. இளநிலையில் இயற்பியலோடு கணிதமோ கணினி அறிவியலோ சேர்த்துப் படிப்பது நல்லது. அதற்கு முன், பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண் எளிதாக வரும் என்று பிள்ளையை மேத்தமெட்டிக்கல் லிட்டரசிக்கு மாற்றிவிடாதீர்கள். அதை எடுத்தால் இந்தப் பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவே வழியிருக்காது.