"நான் ரோபோ அல்ல" படக் கட்டத்தைத் தாண்டுவது எப்படி?

பாபநாசத்துப் பெரியப்பா போன வாரம் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தார். ஒன்பது படம் வந்தது, தீயணைப்புக் குழாய் உள்ளதை எல்லாம் தொடு என்றது. போனை என் பக்கம் திருப்பி, "இதுல எதுடா குழாய்? பம்புசெட்டு மாதிரி ஒண்ணும் காணலையே" என்றார். நாலு தடவை தவறிப்போய், தனக்குத்தான் கண் தெரியவில்லை என்று முடிவே கட்டிவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதன் பெயர் கேப்ட்சா. வருவது மனிதரா, ஆயிரக்கணக்கில் போலிக் கணக்கு தொடங்கும் நிரலா என்று பிரித்துப் பார்க்கிற சோதனை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். முதலில் கோணல்மாணல் எழுத்துகள்தான். எழுத்தைக் கணினி படிக்கக் கற்றுக்கொண்டதும் படங்கள் வந்தன.

முதலில் படிவம் முழுவதையும் நிரப்புங்கள், 'நான் ரோபோ அல்ல' கட்டத்தைக் கடைசியாகத் தொடுங்கள். டிக் விழுந்தபின் 2 நிமிடம் போல ஆகிவிட்டால் அது காலாவதியாகி மறுபடி கேட்கும். வரப்பில் நின்றுகொண்டு ஒரு கோடு சிக்னலில் செய்ய வேண்டாம், படம் வருவதற்குள் நேரம் போய்விடும்.

அடுத்து, எந்த வகை என்று பாருங்கள். தனித்தனியாக ஒன்பது படம் என்றால், தொட்ட இடத்தில் சில சமயம் புதுப் படம் மெல்ல வரும்; அது முழுசாக வரும்வரை காத்திருந்து, கேட்ட பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை என்றானபின் சரிபார் பொத்தானை அழுத்துங்கள். ஒரே படத்தைப் பதினாறாக வெட்டியிருந்தால், போக்குவரத்து சிக்னலைக் கேட்கும்போது நான் விளக்குப் பெட்டி இருக்கிற கட்டங்களை மட்டும் தொடுவேன், கம்பத்தை விட்டுவிடுவேன்.

அப்புறம் பொருள்கள். படங்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தெருக்கள் மாதிரி இருக்கும். தீயணைப்புக் குழாய் என்றால் நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் குட்டையாக நிற்கும் இரும்புக் குழாய், தலையில் மூடி, பக்கவாட்டில் இரண்டு காது போல மூக்குகள், சிவப்பிலோ மஞ்சளிலோ இருக்கும். இதைச் சொன்னதும் பெரியப்பா மூன்றையும் சட்டென்று தொட்டார். சிக்னல் அங்கே நடுரோட்டுக்கு மேல் தொங்கும். கிராஸ்வாக் என்பது நம் ஜீப்ரா கோடுதான். பள்ளிப் பேருந்து நம்மூர் போலவே மஞ்சள்.

எல்லாம் சரியாகத் தொட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? உங்கள் கண்ணில் குறையில்லை. இணைய முகவரி, குக்கி (தளம் உங்கள் உலாவியில் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு), கர்சர் நகரும் விதம் இவற்றையும் சேர்த்துத்தான் பல தளங்கள் எடை போடுகின்றன. இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டிருந்தால் அணையுங்கள், மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) விட்டு வெளியே வாருங்கள். பார்வைக் குறை உள்ளவர்கள் ஹெட்போன் சின்னத்தைத் தொட்டால் ஒலியாகக் கேட்கும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். நிஜமான கேப்ட்சா படத்தைத் தொடச் சொல்லும், எழுத்தைத் தட்டச் சொல்லும், அவ்வளவுதான். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்து, எதையோ ஒட்டு, என்டர் தட்டு என்று சொன்னால் அது திருட்டு. உடனே பக்கத்தை மூடிவிடுங்கள். ஏற்கெனவே தட்டிவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அன்றைக்கே மாற்றுங்கள்.