பழைய வாக்யூம் கிளீனர் கைக்கு வந்ததும் பிளக்கை சொருகாதீங்க

பழைய வாக்யூம் கிளீனர் வீட்டுக்கு வந்த உடனே எல்லாரும் பண்ணுற முதல் வேலை, ஓடுதான்னு பாக்குறது. நானும் அப்படித்தான் பண்ணேன். இங்க இங்கிலாந்துல ஞாயித்துக்கிழமை கார் பூட் சேல்ல, அதாவது கார் டிக்கியில பழைய சாமான் வச்சு விக்குற சந்தையில, ஒரு அறுபது வருஷத்துப் பழைய அப்ரைட் (நின்னுக்கிட்டே தள்ளுற, நீளக் கைப்பிடி வச்ச மாடல்) கிடைச்சுது, துணிப்பை கிழியல, முன்னாடி இருக்குற லைட்டோட கண்ணாடி கூட உடையல, அவ்ளோ அழகு, வீட்டுக்குள்ள நுழைஞ்சு ஷூவைக் கூட கழட்டாம சுவிட்சைப் போட்டுட்டேன். பத்து செகண்டு ஓடியிருக்கும், ரப்பர் கருகுற வாடை, பட்டுனு ஒரு சத்தம், ஃபியூஸ் போச்சு. பிரிச்சுப் பாத்தா கைப்பிடிக்குள்ள போற வயரோட உறை அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்து கிடக்கு, உள்ள ரெண்டு செம்புக் கம்பியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. கைப்பிடி இரும்புக் குழாய், அதுல என் கை இருந்துச்சு. அன்னிக்கு நான் தப்பிச்சது அதிர்ஷ்டம் தாங்க.

அந்தக் காலத்து ரப்பர் வயர் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், வளைவு வர்ற இடத்துலயும் மோட்டார் சூட்டுக்குப் பக்கத்துலயும் தான் செத்துப் போயிருக்கும், அதனால கவரைக் கழட்டி உள்ள பாக்காம கரண்டு குடுக்கவே கூடாது. பாத்தப்புறமும் நேரா குடுக்காதீங்க. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்கள் வச்சிருக்குற சீரிஸ் லேம்ப் தான் இதுக்கு அருமையான கருவி, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை மெஷினோட சீரிஸ்ல போட்டு விடுங்க. உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா இருந்தா மோட்டார் மெதுவா சுத்த ஆரம்பிக்கும், அந்த மெதுவான சுத்துல பேரிங் கரகரன்னு சத்தம் போடுதா, கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்குக் கரண்டைக் கடத்துற கரித் துண்டு) கிட்ட தீப்பொறி அதிகமா தெறிக்குதான்னு நிதானமா பாக்கலாம். ஆனா பாடி இரும்பா இருந்தா அதுல கரண்டு கசியுதான்னு மெகர்ங்கிற இன்சுலேஷன் டெஸ்டர் வச்சு தனியா பாத்தே ஆகணும், அதை பல்பு காட்டிக் குடுக்காது.

வயர் மாத்தும்போது கலர்ல ஏமாறாதீங்க. 1970 வாக்குக்கு முன்னாடி வந்த பிரிட்டிஷ் மெஷின்ல சிவப்பு தான் லைவ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த், இப்போ பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள். இரும்பு பாடி மெஷின்ல ரெண்டு கோர் (உள்கம்பி) வயர் இருந்தா மூணு கோர் போட்டு பாடியை எர்த் பண்ணுங்க, அசல் மாதிரியே துணி பின்னின வயர் புதுசாவே கிடைக்குது. கழட்டின பழைய வயரையும் பிளக்கையும் தூக்கிப் போடாம ஒரு டப்பால போட்டு மெஷின் கூடவே வைங்க.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இருக்குற மாமாவோ அண்ணனோ அங்கேர்ந்து பழைய கிர்பி, ஹூவர்னு ஊருக்குக் கொண்டு வருவாங்க, பிளக் அடாப்டரைப் போட்டு அப்படியே சொருகிடுவாங்க. அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும் தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. அங்க 120 வோல்ட், நம்ம ஊர்ல 230, கொஞ்ச நேரத்துல காயில் கருகிடும், அந்த மாதிரி ஆர்மேச்சரை, அதாவது மோட்டார்ல சுத்துற பாகத்தை, திரும்ப வைண்டிங் பண்ண ஆள் தேடி அலையணும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க, மெஷின் 600 வாட்னா டிரான்ஸ்ஃபார்மர் 1000 வாட்டாவது இருக்கட்டும். 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸான்னு கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் இதெல்லாம் ஏசி, டிசி ரெண்டுலயும் ஓடுற யுனிவர்சல் மோட்டார், அதோட வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தம் இல்ல.

அடுத்து சுத்தம் பண்ணுறேன்னு பண்ணுற அநியாயம், எனக்கு மனசு வலிக்குறது இதுல தான். துணிப்பையை வாஷிங் மெஷின்ல போடுறாங்க! பை சுருங்கிடும், மேல அச்சடிச்ச பேர் வெளுத்துடும், அந்தப் பேரு தான் அந்த மெஷினுக்கு முகமே. பையை வெளிய எடுத்துட்டுப் போய், மாஸ்க் போட்டுக்கிட்டு, உள்பக்கத்தை வெளிய திருப்பி மெதுவா தட்டி பிரஷ் பண்ணுங்க, அது போதும். இந்தப் பைக்கு ஒரு கதையும் இருக்கு. ஒஹாயோவில கேன்டன்கிற ஊர்ல ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர்னு ஒருத்தர் கடையில துப்புரவு வேலை பாத்தாரு, ஆஸ்துமா, பெருக்கும்போது கிளம்புற தூசி அவரைப் படுத்தி எடுத்துச்சு, அதனால ஒரு ஃபேன் மோட்டார், ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை, இதையெல்லாம் சேர்த்து ஒரு மெஷின் பண்ணாரு. 1908ல பேடன்ட் கிடைச்சுது, அதைத் தோல் பொருள் செஞ்சுக்கிட்டு இருந்த ஹூவர் குடும்பம் வாங்குச்சு. அந்தத் தலையணை உறையோட வாரிசு தான் உங்க கையில இருக்குற பை, அதைக் கொதிக்குற தண்ணில போடலாமா?

பேக்லைட்டும், அதாவது அந்தக் காலத்து கெட்டி பிளாஸ்டிக்கும், அப்படித்தான். 1936ல ஹென்றி டிரேஃபஸ் டிசைன் பண்ண ஹூவர் 150 மாதிரி மெஷின்கள்ல மேல் மூடி பேக்லைட், அதோட பளபளப்பு மேல்தோல்ல தான் இருக்கு. கரகரப்பான பாலிஷோ பாத்திரம் தேய்க்குற நாரோ போட்டா அந்தத் தோல் போய் உள்ள கலந்திருக்குற மரத்தூள் பழுப்பா வெளிய தெரியும், அதுக்கப்புறம் என்ன தடவினாலும் பழைய மினுமினுப்பு வராது. ஈரத்துணி, ரெண்டு சொட்டு சோப்பு, காஞ்சதும் கொஞ்சம் மெழுகு, அவ்வளவு தான். வோல்ட், சீரியல் நம்பர் போட்ட தகட்டு மேல மட்டும் பெயின்ட் அடிச்சிடாதீங்க, மெஷினோட ஜாதகமே அது தான்.

மோட்டாரைத் திறந்தா கார்பன் பிரஷ்ஷை எந்தப் பக்கத்துலேர்ந்து, எந்த வாக்குல எடுத்தீங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டு அதே மாதிரி திரும்பப் போடுங்க, பல வருஷமா கம்யூட்டேட்டரோட (பிரஷ் உரசுற, செம்புப் பட்டை பதிச்ச உருளை) வளைவுக்கு ஏத்த மாதிரி தேஞ்சு உக்காந்திருக்கும், மாத்திப் போட்டா பொறி பறக்கும். கம்யூட்டேட்டரை எமரி பேப்பர் வச்சுத் தேய்க்காதீங்க, அந்தத் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவுல போய் மாட்டிக்கும், நைஸான கிளாஸ் பேப்பர் போதும். பல பழைய அப்ரைட்ல பெல்ட்டை கால் திருப்பு முறுக்கி மாட்டணும், தப்பான பக்கம் முறுக்கினா தரையைப் பெருக்குற பிரஷ் உருளை தலைகீழா சுத்தி குப்பையை முன்னாடி வாரி இறைக்கும். இந்த அப்ரைட்ல குப்பை மொதல்ல ஃபேன் வழியா போய்த்தான் பைக்குள்ள விழுது, அதனால காசு, ஸ்குரூ எதையும் இழுக்க விடாதீங்க, ஃபேன் இறக்கை ஒரு ஓரம் உடைஞ்சா போதும், மெஷினே அதிர ஆரம்பிச்சு பேரிங்கும் போயிடும்.

வாங்கும்போது வருஷத்தை மட்டும் பாத்து காசு குடுக்காதீங்க. 1937ல லூரெல் கில்டு டிசைன் பண்ண எலக்ட்ரோலக்ஸ் XXXஐ எடுத்துக்கோங்க, ரயில் இன்ஜின் மாதிரி நீளமா க்ரோமும் தோல் மாதிரி உறையுமா அவ்ளோ அழகா இருக்கும், ஆனா ஹோஸும் முனைகளும் இல்லாம வெறும் உடம்பை மட்டும் வாங்கினா மத்ததைத் தேடியே வருஷம் போயிடும். ஹோஸ் இருந்தா, ஓடவிட்டு முனையை உள்ளங்கையால பொத்துங்க, மோட்டார் சத்தம் ஏறினா ஹோஸ் நல்லா இருக்கு, சத்தம் மாறாம இருந்தா எங்கயோ ஓட்டை.

வாங்கினதை அலமாரியில வச்சு பூட்டிடாதீங்கன்னும் சொல்லணும். ஹூவர் கான்ஸ்டலேஷன்னு உருண்டையா ஒரு மாடல் இருக்கு, அது தன்கிட்டேர்ந்து வெளிய வர்ற காத்து மேலயே மிதந்து வரும், வழவழப்பான தரையில ஒரு குழந்தை கூட ஒரு விரலால தள்ளலாம், அதை ஷெல்ஃப்ல மட்டும் பாக்குறவங்க பாவம். அப்புறம் ரொம்ப நாள் ஓட்டாம வைக்கப் போறீங்கன்னா பெல்ட்டைக் கழட்டிட்டு வைங்க, இல்லேன்னா ரப்பர் உருளையில ஒட்டி இறுகிடும், அதைச் சுரண்டுறதுக்குள்ள நகம் போயிடும்.